கருடன் டீமுக்குக் கயிறு பிடித்தவன்

ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டு ஒரு பித்தளைக் கருடனை வாங்கிக்கொண்டு வந்த ஆள் திருச்சியில் ஒருவன் இருந்தான். ஜெகபர் அலி என்று பெயர். பெரிய கடைவீதிக்குப் பின்னால் ட்ரங்குப் பெட்டி செய்கிற தொழில். பைத்தியக்காரன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பதில் ஊரில் பாதிப் பேருக்கு அதே பைத்தியம். வெள்ளைக்கருடன் மோட்டார் சர்வீஸ் என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு பஸ் கம்பெனி. அந்தக் கம்பெனி சம்பளம் கொடுத்து ஒரு ஃபுட்பால் டீம் வைத்திருந்தது. கருடன் டீம் ஜெயித்தால் பாலக்கரையில் பிரியாணி, தோற்றால் அடிதடி. இரண்டில் ஒன்று நடக்காமல் ஞாயிற்றுக்கிழமை முடியாது.

மைதானத்தைச் சுற்றிக் கீற்றுத் தட்டி. டிக்கெட் வாங்கி உள்ளே போய்விட்டால் ஜனத்துக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடுவில் வேலி கிடையாது, வெறும் தேங்காய்நார்க் கயிறுதான். முளையடித்துக் கட்டினால் கூட்டம் தள்ளுகிற தள்ளில் முளையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் ஆட்களே முளையாக நின்றார்கள். டீமுக்காக உயிரை விடுகிற ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கி, இடுப்பில் கயிற்றைச் சுற்றி நிற்க வைத்தது கம்பெனி. இவர்களுக்கு ‘கயித்துக்காரங்க’ என்று பெயர். டிக்கெட் கிடையாது, இலவசம். ஆனால் ஒரு சட்டம் இருந்தது. கயிறு பிடிக்கிறவன் ஜனத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், ஆட்டத்துக்கு முதுகைக் காட்ட வேண்டும். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாலும் அடுத்த வாரம் கயிறு கிடையாது.

நினைத்துப் பாருங்கள், இது என்ன கூத்து! ஊரிலேயே டீமின் மேல் அதிகமாகப் பிரியம் வைத்தவன் எவனோ, அவன் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. கருடன் டீம் போட்ட ஒரு கோலையும் ஜெகபர் அலி கண்ணால் பார்த்ததில்லை. எதிரே நிற்கிற முகங்களைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்வான். பந்து எந்தப் பக்கம் போகிறது, யார் காலில் இருக்கிறது, கோலுக்குள் போயிற்றா, கம்பத்தில் பட்டதா, அத்தனையையும் முன்வரிசைக்காரர்களின் முகத்தில் படிப்பான். அதில் அவனுக்கு மகா பெருமை. “முதுகுல கண்ணு வேணாம்டா எனக்கு, உங்க மூஞ்சி போதும்” என்பான்.

கண் போனதும் அந்தக் கயிற்றில்தான். வெளியூர் டீம் ஒன்றோடு ஆட்டம். கருடன் டீமின் சென்டர் ஃபார்வர்டு அருள்நாதன் ஆளைக் கிறுக்காக்குகிறவன். அன்றைக்கு எதிரிக்கு அடுக்கடுக்காகக் கோல் போட்டான். வெளியூர்க்காரன் ஒருவன் பொறுக்க மாட்டாமல் சோடா பாட்டிலைக் குலுக்கி அருள்நாதன் தலையைக் குறிவைத்து வீசினான். அத்தனை ஜனமும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜனத்தைப் பார்த்து நின்ற ஜெகபர் அலிதான் பாட்டிலைப் பார்த்தான். எம்பிக் குதித்தான். பாட்டில் அவன் முகத்தில் வெடித்தது. இடது கண் அங்கேயே போய்விட்டது. ரத்தம் சட்டையெல்லாம் ஊறியும் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கவில்லை. விசில் ஊதின பிறகுதான் விழுந்தான்.

புத்தூர் ஆஸ்பத்திரிக்கு டீமே திரண்டு வந்தது. அருள்நாதன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். “என் உசுரு உங்க உசுரு பாய்” என்றான். கம்பெனி சார்பில் ஆரஞ்சுப் பழம் வந்தது. டெப்போ கேட்டில் ஒரு வாட்ச்மேன் வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். சட்டையில் குத்திக்கொள்ளப் பித்தளையில் ஒரு கருடன் கொடுத்தார்கள். கருடன் அன்றைக்கே வந்துவிட்டது. வேலை மட்டும் வருகிறது வருகிறது என்று வந்துகொண்டே இருந்தது. தகரம் வெட்டும்போது ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல் கத்திரி விரலை வெட்டும். அப்போதும் ஜெகபர் அலி கம்பெனியை ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்.

தீபாவளிக்கு முன்னால் இடி விழுந்தது. அதிகச் சம்பளம் என்று அருள்நாதன் மதுரையில் ஒரு மில் டீமுக்குப் போய்விட்டான். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. பாலக்கரை முக்கில் அவனுக்குக் கொடும்பாவி கட்டிக் கொளுத்தினார்கள். செருப்பு மாலை போட்டவர்கள் நெருப்பு வைக்க ஜெகபர் அலியைத்தான் கூப்பிட்டார்கள். வைத்தான். வீட்டுக்கு வந்து சோறு தொடவில்லை. “எவனோ ஒருத்தன் ஊர விட்டுப் போனா நீங்க ஏங்க பட்டினி கெடக்குறீங்க?” என்று அவன் மனைவி ஷரபுன்னிசா கேட்டாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

ஷரபுன்னிசாவின் தம்பி ஷேக் தாவூதுதான் கருடன் டீமின் கோல்கீப்பர். அத்தாவும் அம்மாவும் போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கல்யாணமாகி வந்தபோது அவனையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். ஜெகபர் அலிக்கு மச்சினன், மகன், இரண்டும் அவன்தான். முறம் முறமாகக் கை. அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் ஜெகபர் அலி அவனைக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினான். டீமில் கோல்கீப்பர், டெப்போவில் பஸ் கழுவுகிற தினக்கூலி. வேலை நிரந்தரம் ஆனால்தான் துறையூர்ப் பெண் வீட்டார் நிக்காஹ் தேதி வைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ஷரபுன்னிசா தொழுகையில் கையேந்திக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அந்த வருஷம் கப்பு ஃபைனலுக்குக் கருடன் டீமும் மதுரை மில் டீமும் வந்தன. மில் டீமில் அருள்நாதன். ஊர் கொதித்துக்கொண்டு கிடந்தது.

ஃபைனலுக்கு முந்தின வாரம் ஸ்ரீரங்கம் டெப்போவுக்கு வரச் சொல்லி ஜெகபர் அலிக்கு ஆள் வந்தது. சொல்லி அனுப்பியவர் டீம் மேனேஜர் நல்லதம்பி. முன்னால் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தவர். மேனேஜர் ஆன பிறகும் ஊர் அவரைச் செக்கர் என்றுதான் சொல்லும். அம்மாமண்டபம் ரோட்டில் இருந்த ஷெட்டில், எண்ணெய் நாற்றத்துக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க பாய், உக்காருங்க. நீங்க நம்ம கம்பெனிக்குக் கண்ணையே குடுத்தவங்க. நின்னா எனக்குப் பாவம்” என்றார்.

கேட் வேலை விஷயம்தான் என்று ஜெகபர் அலி நினைத்தான். செக்கர் அதைப் பேசவே இல்லை.

“ஃபைனல்ல கிழக்குக் கோல் பக்கம் கயிறு யாரு கையில?”

“நானும் வீரமலையும்தாங்க. எப்பவும் அதானே.”

“நல்லதாப் போச்சு. உங்க மச்சான் தாவூது எத்தனை நாளைக்கு பஸ் கழுவிக்கிட்டு கெடப்பான்? கப்பு வந்துச்சுன்னா அந்தச் சூட்டோட மொதலாளிகிட்டப் பேசி நிரந்தரம் பண்ணிப்புடலாம். வரலைன்னா டீமையே கலைச்சிரலாம்னு சொல்றாரு.”

“வருங்க. தாவூது ஒரு பந்து உள்ள விட மாட்டான்.”

“எதுக்க நிக்கிறது அருள்நாதன் பாய்.” செக்கர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்தார். “அவன் எப்படியும் கார்னர் அடிக்க உங்க மூலைக்கு வருவான். கார்னர்லாம் அவன்தான் அடிப்பான். அவனப் பாத்தா ஜனம் வெறி புடிச்சுத் தள்ளும். நீங்க யாரையும் அடிக்க வேணாம், வைய வேணாம். கயித்த விட்டுருங்க. மிச்சத்த ஜனம் பாத்துக்கும். காலுல நாலு மிதி விழுந்தாப் போதும்.”

ஜெகபர் அலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கயித்த விடுறதா? நானா?”

“அறுந்துபோச்சுன்னு சொல்லிட்டாப் போச்சு. நார்க் கயிறுதானே. உங்க கண்ணத் தின்னுப்புட்டு ஓடினவன் கால் மேல உங்களுக்கென்ன பாய் அம்புட்டு இரக்கம்?”

அவன் எழுந்து வந்தான். காவேரிப் பாலத்தை நடந்தே கடந்தான். நடக்க நடக்க ஆத்திரம் ஏறியது. ஆத்திரம் செக்கர் மேல் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பாவி மனுஷனுக்கு. அருள்நாதன் ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு அழுததுதான் திரும்பத் திரும்ப ஞாபகத்தில் வந்தது. என் உசுரு உங்க உசுரு என்றானே! அந்தக் காலுக்கு என் கண்ணு போச்சு, அந்தக் கால் இப்போது எவனுக்கோ ஓடுகிறது என்று வயிறு எரிந்தது. வீட்டில் ஷரபுன்னிசா தம்பியின் கைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். “தொறையூர்லேருந்து மறுபடி ஆளு வந்துச்சுங்க. பொண்ணுக்கு வேற எடம் வருதாம். வேலை என்னாச்சுன்னு கேக்குறாங்க” என்றாள். தாவூது வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஜெகபர் அலி அப்போதே முடிவு பண்ணிவிட்டான். “வேலை வந்துரும்னு சொல்லி அனுப்பு” என்றான்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடிந்ததா? ஃபைனலுக்கு முதல் நாள் பாலக்கரை டீக்கடையில் கயித்துக்காரர்கள் கூடியிருந்தபோது வீரமலை ஒரு சேதி கொண்டுவந்தான். வீரமலை மருங்காபுரிப் பக்கத்து ஆள், காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன், ஜெகபர் அலிக்குக் கயிற்றில் ஜோடி. “அண்ணே, ஒங்க தாவூது திருவானைக்காவல்ல அருள்நாதனோட உக்காந்து டீ குடிக்கிறாண்ணே. நானே என் கண்ணால பாத்தேன்” என்றான். அந்த நேரம் பார்த்து தாவூது சைக்கிளில் வந்து இறங்கினான்.

ஜெகபர் அலி எழுந்து போய்ப் பளாரென்று கன்னத்தில் அறைந்தான். சைக்கிள் சாய்ந்தது.

“எதிரி வாங்கித் தர்ற டீ இனிக்குதாடா ஒனக்கு? நாளைக்கு ஃபைனல்! அவன்கூட என்னடா ரகசியம் பேசுன?”

“ரகசியமெல்லாம் இல்ல மச்சான். அவரு ஒங்களப் பத்தித்தான் கேட்டாரு. கண்ணு எப்படி இருக்கு, நேர்ல வந்தா அடிப்பாரான்னு...”

“பொய் சொல்லாதடா!” இன்னொரு அறை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. தாவூது சைக்கிளைத் தூக்கி நிறுத்திக்கொண்டு போய்விட்டான்.

அடித்தவனுக்கு அடித்ததோடு கோபம் போய்விட்டது. ராத்திரி தானே போய்ப் பரோட்டா வாங்கி வந்து தாவூதுக்குக் கொடுத்தான். ஆனால் டீக்கடையில் இருந்தவர்களுக்குப் போகவில்லை. சொந்த மச்சானே நடுத்தெருவில் வைத்து அடிக்கிறான் என்றால் நெருப்பில்லாமலா புகையும் என்று பேசிக்கொண்டார்கள். விடிவதற்குள் உறையூர் வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. கருடன் டீம் கோல்கீப்பர் ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று பஸ்ஸில் பேசினார்கள், சலூனில் பேசினார்கள். ஜெகபர் அலியின் காதில் மட்டும் யாரும் போடவில்லை.

ஃபைனல் அன்றைக்கு மைதானம் தாங்கவில்லை. ஜனம் உட்காரச் சவுக்குக் கட்டையில் கட்டிய காலரி நெரிந்தது. தட்டியைப் பிய்த்துக்கொண்டு டிக்கெட் இல்லாத கூட்டம் வேறு உள்ளே வந்தது. ஜெகபர் அலி கருடனைச் சட்டையில் குத்திக்கொண்டு கிழக்குப் பக்கம் கோல் கோட்டில் நின்றான். இடுப்பைச் சுற்றிக் கயிறு, முனை கையில். எதிரே ஜனம். முதுகுக்குப் பின்னால் மைதானம். வலது கைப் பக்கம் கார்னர் கொடி, இடது கைப் பக்கம் கோல் கம்பம். அவனுக்கும் கம்பத்துக்கும் நடுவில் வீரமலை. இரண்டாவது பாதியில் தாவூது அந்தக் கோலுக்கு வந்தான். வரும்போது, “மச்சான், துஆ செய்ங்க” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னான். “போடா, ஒண்ணும் ஆகாது” என்றான் ஜெகபர் அலி. திரும்பிப் பார்க்கவில்லை.

ஆளுக்கு ஒரு கோல். நேரம் போய்க்கொண்டிருந்தது. அருள்நாதன் காலில் பந்து பட்டாலே கூட்டம் ஊளையிட்டது. கல் பறந்தது, செருப்பு பறந்தது. கயிறு இடுப்பை அறுத்தது. சட்டைக்குள் தோல் உரிந்து எரிந்தது. நெரிசலில் ஒருவன் ஜெகபர் அலியின் முழங்காலில் உதைத்தான், இன்னொருவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். இவனும் சும்மா இல்லை. குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டு தலையால் முட்டினான், முழங்கையால் இடித்தான். ஒருவனுக்குப் பல் உடைந்தது. டீமுக்காக டீமின் ஆட்களையே இடிப்பதுதான் கயித்துக்காரன் பிழைப்பு.

விசில் ஊதியது. கார்னர்.

முகங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அவனுடைய வலப்பக்கம் திரும்பின. அருள்நாதன் கொடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கூட்டம் பல்லைக் கடித்தது. “மிதிங்கடா! காலை ஒடிங்கடா!” என்று பின்வரிசையிலிருந்து கத்தினார்கள். முதுகுக்குப் பின்னால், எட்டினால் தொடுகிற தூரத்தில், அருள்நாதன் குரல் கேட்டது.

“பாய், நல்லா இருக்கீங்களா?”

ஜெகபர் அலி, பேச மாட்டேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“நீங்கதான் கயிறா? அப்பச் சரி. இனிமே பயமில்ல” என்றான் அருள்நாதன்.

அந்த வார்த்தை அவனை உலுக்கிவிட்டது. ஒரு மூச்சு நேரம், வேண்டாம், விடக் கூடாது என்றுகூட நினைத்தான். நினைத்தானே தவிர, துறையூர்ப் பெண் வீடும், பஸ் கழுவுகிற தாவூதும், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த நாட்களும் சேர்ந்து அவனைப் பிடித்துத் தள்ளின. பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. அடுத்த கணம் எதிரே இருந்த அத்தனை முகங்களும் ஒரேயடியாகக் கோணின. எத்தனையோ ஆட்டத்தில் எத்தனையோ கோபத்தைப் பார்த்தவன் அவன். இப்படி ஒரு வெறியைப் பார்த்ததில்லை. அருள்நாதன் மேல்தான் பாயப் போகிறார்கள், இதுதான் சமயம் என்று நினைத்தான்.

இடுப்புச் சுற்றை அவிழ்த்தான். கயிற்றை விட்டான்.

ஜனம் உடைந்துகொண்டு வந்தது. அவனைக் கீழே தள்ளி மேலே ஏறிப் போனது. புழுதிக்குள் கிடந்தபடி வலப்பக்கம் பார்த்தான். அருள்நாதனின் அலறலுக்காகக் காத்திருந்தான். புழுதி கொஞ்சம் விலகியது. கொடிக்குப் பக்கத்தில் அருள்நாதன் நின்றுகொண்டிருந்தான். தன்னந்தனியாக, ஒரு கீறல் கூட இல்லாமல்.

அலறல் இடது பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கம் ஜெகபர் அலிக்குப் பார்வை கிடையாது.

கழுத்தை முழுக்கத் திருப்பினான். நடந்தது அப்போதுதான் புரிந்தது. அருள்நாதன் அடித்த கார்னர் வளைந்து நேரே கோலுக்குள் போயிருந்தது. பந்தைப் பிடிக்க அண்ணாந்த தாவூதுக்கு மேற்கு வெயில் கண்ணில் அறைந்திருக்கிறது. பந்து கையில் பட்டு நழுவி உள்ளே விழுந்துவிட்டது. மேற்கு வெயில் யாருக்கு வேண்டும்? விற்றுவிட்டான், விற்றுவிட்டான் என்று ஊரே காலையிலிருந்து பேசியதல்லவா? அதைக் கண்ணால் பார்த்துவிட்டதாக ஜனம் நினைத்தது. கோல் கம்பத்துக்கு அடியில் தாவூது குப்புறக் கிடந்தான். ஒருவன் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தான். இரண்டு பேர் இரண்டு கையையும் இழுத்து மண்ணில் பரப்பிப் பிடித்திருந்தார்கள்.

“இந்தக் கைதானேடா வித்துச்சு! இந்தக் கைதானே!”

கால்கள் அந்தக் கைகளின் மேல் ஏறி ஏறி இறங்கின. ஒருவன் சோடா பாட்டிலை உடைத்து விரல்களின் மேல் குத்தினான். தாவூது, “மச்சான்! மச்சான்!” என்று கத்தினான். அக்கா என்றுகூடக் கத்தவில்லை.

ஜெகபர் அலி ஊளையிட்டுக்கொண்டு எழுந்தான். கார்னர் கொடிக் கம்பைப் பிடுங்கினான். எதிரே வந்தவன் மண்டையில் போட்டான், அடுத்தவன் தோளில் போட்டான். எல்லாரும் தெரிந்த முகங்கள், கூடப் பிரியாணி தின்ற முகங்கள். தாவூதின் வலது கையை மிதித்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். வீரமலை! “அண்ணே, ஒங்க மச்சான் நம்மள வித்துப்புட்டாண்ணே!” என்று அழுதுகொண்டே சொன்னான். ஜெகபர் அலி கம்பை அவன் தாடையில் இறக்கினான். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. வீரமலை வாயைப் பொத்திக்கொண்டு சரிந்தான். பின்னாலிருந்து யாரோ ஜெகபர் அலியின் தலையில் கல்லைப் போட்டார்கள். அவன் முட்டி போட்டு விழுந்தான்.

அவனைத் தாண்டிக்கொண்டு ஒருவன் ஓடினான். அருள்நாதன். ஓடின வேகத்தில் தாவூதின் மேல் விழுந்து கட்டிப் பிடித்துக்கொண்டான். தாவூதின் கைகளை இழுத்துத் தன் வயிற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டான். இப்போது ஜனத்துக்கு இரண்டு வேட்டை. விழுந்த அடியெல்லாம் அருள்நாதன் மேல் விழுந்தது. ஒருவன் காலரிக் கட்டையைப் பிடுங்கி வந்து அவன் முழங்காலில் ஓங்கி அடித்தான். திரும்ப அடித்தான். போலீஸ் லத்தியோடு வந்து கூட்டத்தைக் கலைக்கிற வரைக்கும் அருள்நாதன் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்திருக்க அவனால் முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் புத்தூர் ஆஸ்பத்திரியில் தாவூது கண்ணைத் திறந்தான். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இடது மணிக்கட்டு நொறுங்கிப் போயிருந்தது. இனிமேல் சோற்றை அள்ளித் தின்றாலே பெரிய விஷயம் என்று டாக்டர் ஷரபுன்னிசாவிடம் சொல்லியிருந்தார். அவள் தம்பியிடம் சொல்லவில்லை. அழுது அழுது குரல் போயிருந்தது. ஜெகபர் அலி தலையில் கட்டோடு கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தான்.

“மச்சான்” என்றான் தாவூது. “கயிறு அறுந்துபோச்சா?”



“ஆமாடா. அறுந்துபோச்சு.”

“எனக்குத் தெரியும். ஒங்க கையில இருந்தா அப்படி வர விட மாட்டீங்க.”

“அந்தக் கயிறு வித்தவன் வீடு வெளங்குமா? அவன் கையில புழு வைக்க!” என்று ஷரபுன்னிசா சபித்தாள். சபித்துக்கொண்டே கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றித் தம்பி வாயில் வைத்தாள். ஜெகபர் அலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

அந்த நேரத்தில்தான் செக்கர் நல்லதம்பி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வார்டுக்குள் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வேறு வார்டில் யாரையோ பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

“பாய், ஒங்கள எங்கெல்லாம் தேடுறது!” என்று ஜெகபர் அலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “மேட்ச ரத்து பண்ணிட்டாங்க. அடுத்த மாசம் திருப்பி ஆட்டம். கமிட்டிக்காரங்களும் நம்ம ஊருக்காரங்கதானே. அருள்நாதனப் பாத்துட்டுத்தான் வரேன். முழங்கால் சில்லு செதறிப் போச்சு, இனிமே அவன் நடந்தாப் பெரிசு. கப்பு நமக்குத்தான்!”

“செக்கரே” என்றான் ஜெகபர் அலி. “வெளிய போய்ப் பேசுவோம்.”

“இதுல என்ன ஒளிவு மறைவு? தங்கச்சியும் கேக்கட்டும், பெருமைதானே.” செக்கர் ஷரபுன்னிசா பக்கம் திரும்பினார். “ஒங்க வீட்டுக்காரரு மாதிரி டீமுக்கு விசுவாசமான ஆளு இந்த ஊருலயே கெடையாதும்மா. அருள்நாதன் கார்னருக்கு வந்ததும் கயித்த விடுங்கன்னு சொன்னேன். சொன்ன சொல் தவறாம விட்டாரு. மொதலாளிகிட்டச் சொல்லிட்டேன். ஒண்ணாந்தேதியிலேருந்து கேட்டுல வாட்ச்மேன் வேலை. கம்பெனி நன்றி மறக்காதும்மா. தம்பி விஷயந்தான்... கை சரியாகட்டும், பாக்கலாம்.”

ஷரபுன்னிசா செக்கரைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தாள். அவனுடைய ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

“தாவூதுக்காகத்தான்...” என்று ஆரம்பித்தான்.

பித்தளைக் கூஜா அவன் வாயில் விழுந்தது. அடுத்த அடி தலைக்கட்டின் மேல். கட்டு நனைந்து சிவந்தது. கூஜாவின் மூடி தெறித்து உருண்டு போனது. செக்கர் ஹார்லிக்ஸைப் போட்டுவிட்டு ஓடினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் கத்தினார்கள். நர்ஸ் ஓடி வந்து ஷரபுன்னிசாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அவள் அசையவில்லை. ஜெகபர் அலி தடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவளுக்கே கை ஓய்ந்தது. கூஜாவைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

கட்டிலில் கிடந்த தாவூது இரண்டு மாவுக்கட்டையும் நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பார்த்தான்.

“நிறுத்தாத அக்கா” என்றான். “என் பங்குக்கும் சேத்து அடி. எனக்குத்தான் கை இல்லையே.”

அவள் கூஜாவை மறுபடி ஓங்கினாள்.